நம்மாள் கட்டினது

அங்கோர் வாட்டைக் கட்டியது தமிழன் இல்லை. கட்டியவன் இரண்டாம் சூரியவர்மன் என்ற கெமர் அரசன். 1113இல் பட்டத்துக்கு வந்தவன். இது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் சங்கரன்கோவிலில் மைக் முன்னால் நின்று, "அது நம்மாள் கட்டினதுய்யா" என்று முழங்கியிருக்கிறேன். கைதட்டல் வாங்கியிருக்கிறேன், சால்வையும் வாங்கியிருக்கிறேன். தெரியாமல் பேசிய காலத்தை விட்டுவிடலாம். தெரிந்து பேசிய பேச்சுக்குத்தான் இந்த வாக்குமூலம்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். எங்கள் பக்கம் தமிழ் வாத்தியார் என்றால் கல்யாண வாழ்த்து, கோயில் கொடை, நூலக விழா, இரங்கல் கூட்டம் எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். அப்படிப் பேசிப் பேசி எனக்கென்று ஒரு தலைப்பு அமைந்துபோயிற்று: கடல் கடந்த தமிழன். அதில் உண்மையான சரக்கு நிறையவே உண்டு. தாய்லாந்தின் தகுவாபாவில் மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவின் பெயர் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சுமத்ராவின் பாருசில் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வெட்டி வைத்தது. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281இல் பொறித்த தமிழ் எழுத்து. இவற்றை வைத்தே ஒரு மணி நேரம் நெஞ்சை நிமிர்த்திப் பேசலாம். ஆனால் ஊர்க்கூட்டத்தில் வணிகக் குழு எடுபடாது. செட்டியார் கப்பலில் போய் மிளகு விற்றார் என்றால் யாருக்கும் மயிர்க்கூச்செறியாது. ராஜா வேண்டும், கோயில் வேண்டும். கூட்டம் கொட்டாவி விடுகிற நேரம் பார்த்து அங்கோர் வாட்டை இறக்குவேன். "உலகத்திலேயே பெரிய கோயில் எங்க இருக்கு? கம்போடியாவுல. கட்டினது யாரு?" கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினால் போதும், முன்வரிசைப் பையன்களே பதிலைச் சொல்லிவிடுவார்கள். எனக்கு வந்த வாட்ஸ்அப் அவர்களுக்கும் வந்திருக்கும்.

மகன் சிங்கப்பூரில் வேலையாக இருக்கிறான். அவன் வீட்டுக்குப் போய்த் தங்கியிருந்தபோது, "அப்பா, மேடைக்கு மேடை பேசுதிய, அந்தக் கோயிலை ஒருவாட்டி நேர்ல பாத்துட்டு வந்துருங்களேன்" என்று எனக்கும் அவன் அம்மாவுக்கும் டிக்கெட் போட்டுக் கொடுத்தான். கேலியாகச் சொன்னானா, பாசமாகச் சொன்னானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சியெம் ரீப்பில் போய் இறங்கி ஒரு பகல் முழுக்கச் சுற்றினோம். அந்தப் பகலில் நான் என்ன பார்த்தேன் என்று கேட்டால், பெரும்பாலும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சீட்டு ஆளுக்கு 37 டாலர். கவுண்டரில் நம் முகத்தைப் படம் பிடித்துச் சீட்டிலேயே அச்சடித்துத் தருகிறார்கள். ஒவ்வொரு கோயில் வாசலிலும் காவலர் முகத்தையும் சீட்டையும் ஒத்துப் பார்க்கிறார். தொகையை ரூபாயாக்கிப் பார்த்த என் மனைவி பெருமூச்சு விட்டாள். "நம்ம முன்னோர் கட்டின கோயிலுக்கு நம்மகிட்டயே காசு வாங்குதானுவ" என்றேன் நான். வேடிக்கைக்குச் சொன்னது என்று அப்போது நினைத்தேன்.

எங்களை அழைத்துப்போனவர் ஒரு துக்துக் ஓட்டுநர். நாற்பதைத் தாண்டியிருப்பார். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் பூட்டிய வண்டி, அதில் ஒரு ஐஸ் பெட்டி, பெட்டி நிறையத் தண்ணீர் பாட்டில். என் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே உயரம், அதனால் பேச்சுக்குக் குறைவில்லை. விடியுமுன்னே கிளப்பிக்கொண்டு போனார். அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். சூரியன் கோபுரங்களுக்குப் பின்புறம் எழுகிறது. அதைப் படம் பிடிக்க உள்ளே இருக்கும் குளக்கரையில் உலகத்துச் சனமெல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நானும் நின்றேன். அந்தப் படம்தான் இன்றைக்கு என் வாட்ஸ்அப் முகப்பில் இருக்கிறது.

சுற்றியுள்ள அகழி 190 மீட்டர் அகலம். எங்கள் பக்கத்து ஆளைக் கொண்டுபோய் நிறுத்தினால் அதை அகழி என்று சொல்லமாட்டான். குளம் என்பான், மடை எங்கே என்று தேடுவான். அதைத் தாண்டி உள்ளே போனால் இன்னொரு வித்தியாசம் கண்ணில் அறைகிறது. எங்கள் சங்கரநாராயணர் கோயிலில் வாசல் கோபுரம்தான் உயரம்: ஒன்பது நிலை, 125 அடி. உள்ளே போகப் போகக் கூரை தாழ்ந்து, வெளிச்சம் குறைந்து, கருவறை இருட்டில் போய் முடியும். அங்கே எல்லாம் தலைகீழ். வெளியே தாழ்வாகத் தொடங்கி, உள்ளே போகப் போகத் தரை ஏறிக்கொண்டே போகிறது. அடுக்குமேல் அடுக்காக மூன்று, நட்டநடுவில் தரையிலிருந்து 65 மீட்டர் உயரத்தில் நடுக் கோபுரம். மேருமலையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். கடைசி அடுக்குக்கு ஏறும் படி நெட்டுக்குத்தாக இருக்கிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல் ஏறவேண்டும். இத்தனை வருஷம் பாண்டியர் கோயிலும் சோழர் கோயிலும் சுற்றின கண்ணுக்குக் கல்லைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, இது வேறு கை. அங்கேயே, அந்தப் படியிலேயே தெரிந்துவிட்டது. மேலே ஏறி மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அந்த எண்ணத்தை அமுக்கிவிட்டேன்.

மேற்கு வாசல் மண்டபத்தில் எட்டுக் கைகளோடு ஒரு பெருமாள் நிற்கிறார். ஊர்ச் சனம் அவரைத் 'தா ரீச்' என்று கும்பிடுகிறது. துணி சாத்தி, பழம் வைத்து, ஊதுவத்தி கொளுத்துகிறார்கள். என் மனைவி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஒரு கெமர்க் கிழவியின் பக்கத்தில் போய் நின்றாள். கிழவி தன் கையில் இருந்த ஊதுவத்தியில் பாதியை இவளிடம் நீட்டினாள். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் அதற்குள் ஆரம்பித்துவிட்டேன்: "இது விஷ்ணு. இவங்களுக்கு விவரம் தெரியாம வேற பேரு வச்சுக் கும்பிடுதாங்க." யாரும் காதில் வாங்கவில்லை. எங்கள் ஊரில் ஒரே உடம்பில் சிவனும் பெருமாளும் நிற்கிறார்கள். திருநீறும் உண்டு, துளசித் தீர்த்தமும் உண்டு. நெற்றியில் புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு வருகிறவனிடம் எந்த சாஸ்திரப்படி என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஊர்க்காரன் கடல் கடந்து போய் அடுத்தவன் சாமிக்குப் பெயர் திருத்திக்கொண்டு நின்றேன்.

கிழக்கு நடைக்கூடத்தின் சுவரில் பாற்கடல் கடைகிற சிற்பம் இருக்கிறது. 49 மீட்டர் நீளம். ஒரு பக்கம் அசுரர், மறுபக்கம் தேவர், இடையில் பாம்பு, நடுவில் மந்தரமலையைப் பிடித்தபடி விஷ்ணு. கீழே கடல். கடலுக்குள் மீன், முதலை, இன்னும் பெயர் தெரியாத பிராணிகள். மத்து சுழலும் இடத்துக்கு அருகே வந்த மீன்கள் மட்டும் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. தேவர்களுக்கு அமுதம் கிடைத்த கதையை நான் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கடைந்தபோது மீனுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அந்தச் சிற்பிக்குத் தோன்றியிருக்கிறது. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்த மீனை நான் அங்கே பார்க்கவே இல்லை. மனைவி எடுத்த படத்தை வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பார்த்தேன். சுவருக்கு முன்னால் நின்றபோது நான் தேடிக்கொண்டிருந்தது தேவர்களின் இடுப்புக் கச்சையில் சோழச் சாயல் ஏதும் தட்டுப்படுகிறதா என்று.

தெற்கு நடைக்கூடத்தில் கட்டியவனே இருக்கிறான். சூரியவர்மன் குடைகளுக்கும் விசிறிகளுக்கும் நடுவே ஆசனத்தில் அமர்ந்திருக்க, மந்திரிகள் எதிரே பணிந்திருக்க, படை அணிவகுத்துப் போகிறது. அவன் பெயர் சொல்லும் சின்னக் கல்வெட்டும் அருகிலேயே. உருவத்தைச் செதுக்கி, பெயரையும் பொறித்து வைத்திருக்கிறார்கள். இதற்குமேல் ஒரு மனிதன் என்ன பட்டா காட்ட முடியும்? அங்கோரின் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்தில் இருக்கின்றன, கெமர் மொழியில் இருக்கின்றன. அந்தக் கெமர் எழுத்து பல்லவ கிரந்தத்தின் வழி வந்தது என்பது உண்மைதான், நம் கடற்கரையோடு அவர்களுக்குப் பழைய உறவு உண்டு என்பதும் உண்மைதான். எழுத்து போனால் கொத்தனாரும் கூடவே போயிருப்பான் என்று கணக்குப் போட்டது என் வேலை.

மத்தியானம் அங்கோர் தோமுக்குள் இருக்கும் சாப்பாட்டுக் கடைகளின் பக்கம் வண்டியை நிறுத்தினார் ஓட்டுநர். பாயோன் கோயிலின் கல் முகங்களைப் பார்த்து முடித்திருந்தோம். சோறும் தேங்காய்ப்பாலில் வெந்த மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மரங்களுக்கு அப்பால் தெரிந்த ஒரு கோயிலைக் காட்டி, "என் மாமா அங்கே வேலை பார்த்தார்" என்றார். அது பாபுவான். 11ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய சிவன் கோயில். உள்ளே நிரப்பியிருந்த மண் சரிந்து இடிந்துகொண்டே வந்ததால், 1960களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் மொத்தக் கோயிலையும் கல் கல்லாகப் பிரித்தார்கள். ஏறக்குறைய 3 லட்சம் கற்கள். எந்தக் கல் எங்கே இருந்தது என்று ஏட்டில் குறித்துக்கொண்டு, காட்டுத் தரையில் பரப்பி வைத்தார்கள். பிறகு போர் வந்தது. 1975இல் கெமர் ரூஜ் வந்தார்கள். ஏடுகள் அழிந்தன. கல் மட்டும் கிடந்தது. 1995இல் வேலையை மறுபடி ஆரம்பித்தபோது எந்தக் கல்லுக்கும் முகவரி கிடையாது. கற்களுக்கு நடுவே சாந்தும் கிடையாது. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் மட்டும்தான் உட்காரும். 2011இல் முடித்தார்கள்.

ஓட்டுநரின் மாமா அந்த வேலையில் கல் தூக்கி, கல் தேடியவர்களில் ஒருவர். கல்லின் விளிம்பைத் தடவிப் பார்த்து, செதுக்கல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, இது அந்த மூலைக்கு ஆகும் என்று சொல்லப் பழகிவிட்டாராம். வீட்டில் சாப்பிடும்போது தட்டையும் கிண்ணத்தையும் நகர்த்தி நகர்த்திப் பொருத்திக்கொண்டிருப்பாராம், அத்தை ஏசுவாளாம். சொல்லிக்கொண்டே தன் தட்டை நகர்த்திக் காட்டினார். என் மனைவி சிரித்துவிட்டாள்.

நான் இடையில் புகுந்தேன். தஞ்சைப் பெரிய கோயில் என்றேன், 1010 என்றேன், 216 அடி என்றேன், அங்கேயும் கல்லோடு கல் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறான் என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. "உங்க அங்கோர் வாட்டையும் எங்க தமிழ் ராஜாதான் கட்டினார், தெரியுமா?" என்றும் கேட்டேன்.

அவர் முகம் மாறவில்லை. "இங்கே வருகிற நிறையப் பேர் இதுமாதிரி ஏதாவது சொல்வார்கள் சார்" என்றார். பிறகு எழுந்துபோய் ஐஸ் பெட்டியைத் திறந்து எங்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். மாமா கதை அங்கேயே நின்றுவிட்டது. "அவரு மாமா கதையச் சொல்லிட்டு இருக்காரு, நீங்க எதுக்குக் குறுக்க விழுதிய?" என்றாள் என் மனைவி, தமிழில்தான், ஆனால் அவருக்கும் அது புரிந்த மாதிரி இருந்தது.

அந்த ஊரில் அந்த வார்த்தை எவ்வளவு சுடும் என்பதைப் பிறகுதான் படித்தேன். 2003 ஜனவரியில் ஒரு தாய்லாந்து நடிகை அங்கோர் வாட் எங்களுடையது என்று சொன்னதாக ஒரு வதந்தி கிளம்பியது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். அதற்குள் புனோம் பென்னில் கலவரம் வெடித்து, தாய்லாந்துத் தூதரகத்தையே கொளுத்திவிட்டார்கள். கொடியில் அந்தக் கோயிலை வைத்திருக்கிற நாடு அது. நான் அதே வார்த்தையை வதந்தியாக இல்லாமல் நேருக்கு நேராக, அவர் வாங்கிவந்த சோற்றைத் தின்றுகொண்டே சொன்னேன். அவர் தண்ணீர் கொடுத்தார்.

தா புரோமில் அதிக நேரம் நிற்கவில்லை. 1186ஆம் ஆண்டுக் கோயில், ஏழாம் ஜயவர்மன் தன் தாய்க்காக எழுப்பியது. மரத்தின் வேர் கூரைமேல் வழிந்து சுவரைக் கவ்விப் பிடித்திருக்கும் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அங்கே புதுப்பிக்கும் பணியை இந்தியத் தொல்லியல் துறை செய்கிறது என்று ஒரு பலகை இருந்தது. எனக்கு அது போதும். "பாத்தியா? அன்னைக்கும் நம்மாள், இன்னைக்கும் நம்மாள்" என்று பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன். மரத்தோடு எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் புனோம் பாக்கெங் குன்றில் ஏறி அஸ்தமனம் பார்ப்பதாக ஏற்பாடு. அதைக் கெடுத்தது என் மனைவி. வண்டியில் போகும்போது போனில் இருந்த ஆடித்தபசுத் திருவிழாப் படம் ஒன்றை ஓட்டுநரிடம் காட்டினாள்: ஒரு பாதி சிவன், ஒரு பாதி பெருமாள், எங்கள் ஊர்ச் சாமி. அவர் வண்டியை ஓரம் கட்டி, போனைக் கையில் வாங்கிப் பார்த்து, "ஹரிஹர" என்றார். "இவருக்கு இங்கே ஒரு ஊரே இருந்தது. பார்க்க வேண்டுமா?" குன்றை விட்டுவிட்டுக் கிழக்கே 6ஆம் எண் நெடுஞ்சாலையில் திரும்பினோம். சியெம் ரீப்பிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் போல. இன்றைக்கு ரொலுவோஸ் என்று பெயர். அன்றைக்கு ஹரிஹராலயம். 802இல் குலேன் மலையில் தன்னைச் சக்கரவர்த்தியாக அறிவித்துக்கொண்ட இரண்டாம் ஜயவர்மன் கடைசிக் காலத்தில் வந்து தங்கி, கண்ணை மூடிய தலைநகரம். அவனுக்குப் பின்வந்த இந்திரவர்மன் 879இல் பிரியா கோ கோயிலையும், 881இல் பாக்கோங் கோயிலையும் பிரதிஷ்டை செய்தான். பெரிய ஏரி ஒன்றும் வெட்டினான். அதன் நடுத்திட்டில் அவன் மகன் யசோவர்மன் 893இல் லோலெய் கோயிலைக் கட்டினான். இன்றைக்கு அந்த ஏரியில் தண்ணீர் இல்லை, சுற்றிலும் வயல்.

பாக்கோங்கின் படிகளில் ஏறி உட்கார்ந்தோம். ஐந்து அடுக்குக் கல் மலை. கீழே ஒரு புத்த மடம். குட்டித் துறவிகள் கயிற்றில் காவித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மனைவி அங்கே ஒருவரும் கேட்காமலே எங்கள் ஊர்க் கோமதியம்மன் கதையை ஓட்டுநருக்குச் சொல்ல ஆரம்பித்தாள். சிவனையும் பெருமாளையும் ஒரே உருவில் பார்க்கவேண்டும் என்று அம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்றது, சங்கன் பதுமன் என்ற இரண்டு நாகங்கள் சிவன் பெரியவரா பெருமாள் பெரியவரா என்று சண்டை போட்டது, தபசு அன்றைக்குச் சம்சாரிகள் பருத்தியும் வத்தலும் அள்ளிச் சூறை விடுவது. அவளுடைய ஆங்கிலத்தில் வினைச்சொல்லே கிடையாது. அவருக்கு எல்லாம் விளங்கியது. நான் மனசுக்குள் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் கோயிலை உக்கிரபாண்டியர் கட்டியது 11ஆம் நூற்றாண்டில் என்பது ஊர் வழக்கு. இவர்கள் 9ஆம் நூற்றாண்டிலேயே அந்தச் சாமி பெயரில் தலைநகரம் வைத்திருக்கிறார்கள். புனோம் பென் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் பிரசாத் அந்தெத் ஹரிஹரர், பாதிச் சடைமுடியும் பாதிக் கிரீடமுமாக நிற்பவர், 7ஆம் நூற்றாண்டுச் சிலை. யார் முந்தி என்று எண்ணிப் பார்த்துப் பெருமை பேசுவதானால், இந்த ஓட்டுநர் சங்கரன்கோவிலுக்கு வந்து ரத வீதியில் நின்று "இது நாங்க கட்டினது" என்று சொல்லலாம். அவர் சொல்லமாட்டார். கணக்கு சரியாக வராதது எனக்குச் சங்கடமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், பொறாமையாக இருந்தது.

இனிமேல்தான் முக்கியமான குற்றம். ஊருக்குத் திரும்பியதும் கூட்டம் போட்டார்கள், 'அங்கோர் கண்ட ஆசிரியர்' என்று பேனர் கட்டி. போவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பை நம்பிப் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது நேரில் பார்த்தவன் என்ற அந்தஸ்து வந்துவிட்டது. பொய்க்குக் கண்கண்ட சாட்சி கிடைத்த மாதிரி. ஹரிஹராலயத்தை எடுத்துக்கொண்டேன். "அவங்க தலைநகரத்துக்கே நம்ம ஊர்ச் சாமி பேருய்யா! இங்க இருந்து போன சாமி!" என்றேன். ஆண்டைச் சொல்லவில்லை. விசில் பறந்தது.

அடுத்தது செப்பேடு. ராஜேந்திர சோழனின் கரந்தைச் செப்பேட்டில், காம்போஜ அரசன் நட்பு நாடி ஒரு தேரை அனுப்பினான் என்று இருக்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்குக் காம்போஜ அரசன் காட்சிக்குக் கொடுத்த ஒரு கல்லைச் சிதம்பரம் கோயிலில் பதித்ததாக 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. சூரியவர்மன் பட்டத்துக்கு வந்த அடுத்த வருஷம்! இரண்டு அரசுகள் கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் இருந்து ஒன்றையொன்று மதித்து, தேரும் கல்லும் அனுப்பிக்கொண்ட கதை அது. இதைவிடப் பெரிய பெருமை எனக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் மேடையில் நான் தேரைக் 'கப்பம்' என்றேன். ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். பரிசு கொடுத்தவன் பணிந்தவன் ஆனான், பணிந்தவன் நாட்டில் நாம் கோயில் கட்டியதும் சரியாகப் பொருந்திவிட்டது.

இந்த உருட்டலை முதலில் செய்தவன் நானில்லை. 1860இல் அங்கோரைப் பார்த்துவிட்டு எழுதிய பிரெஞ்சுக்காரர் ஆன்ரி மூவோ, அது கிரேக்க ரோமானியக் கட்டடங்களையும் மிஞ்சியது என்று வியந்தார். சுற்றியிருந்த ஏழைக் குடியானவர்களின் முன்னோர் அதைக் கட்டினார்கள் என்பது மட்டும் அவருக்குப் பொருந்தி வரவில்லை. எங்கோ மறைந்துபோன ஒரு பெரிய இனத்தின் கைவேலையாகத்தான் அவருக்குத் தெரிந்தது. வெள்ளைக்காரன் பார்வை என்று இதைக் கூட்டங்களில் கிழித்துத் தொங்கவிட்டவன் நான். சாப்பாட்டுக் கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரின் மாமன் அந்தக் கல்லை எடுத்து அந்த இடத்தில் வைத்தவர். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் அதைச் செதுக்கியிருப்பான் என்று எனக்கும் தோன்றவில்லையே. இதே மாதிரி ஒருவன் நெற்கட்டும்செவலுக்கு வந்து, புலித்தேவருக்குச் சண்டை சொல்லிக்கொடுத்தது வெளிநாட்டுத் தளபதி என்று சொல்லிவிட்டு, எங்கள் கோயிலில் அவர் ஜோதியாய் மறைந்ததாக நாங்கள் கும்பிடும் அறை முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டால், நான் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பேனா?

1296இல் சீனத் தூதுக்குழுவோடு சௌ தாகுவான் என்பவர் அங்கோருக்கு வந்தார். ஏறக்குறைய ஒரு வருஷம் தங்கினார். அவருக்கும் தன் நாட்டைப்பற்றிய கர்வம் நிறைய உண்டு, கெமர் மக்களைக் காட்டுமிராண்டிகள் என்றே எழுதுகிறார். ஆனாலும் சந்தையில் வியாபாரம் பண்ணுவது பெண்கள், ராஜா ஊர்வலம் போவது எப்படி, வீட்டுக்குக் கூரை எது என்றெல்லாம் கண்ணால் கண்டதைக் கண்டபடி குறித்துவிட்டார். அந்த நகரத்தில் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று இன்றைக்கு நாம் தெரிந்துகொள்வதற்கு அவர் ஏட்டைத்தான் புரட்டவேண்டியிருக்கிறது. கர்வம் இருந்தாலும் கண் வேலை செய்யும் என்பதற்கு அவர் சாட்சி. ஆக, எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

ஏன் செய்தேன்? கைதட்டலுக்கு என்று சொன்னால் பாதி உண்மை. வேலையில் இருந்தபோது நாள் முழுக்க நான் சொல்வதை அறுபது பிள்ளைகள் கேட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு தெருவில் யாரும் என்னை நிறுத்தி எதையும் கேட்பதில்லை. ரேஷன் கடையில்கூட 'தாத்தா' என்று கூப்பிடுகிறார்கள். மேடையில் மட்டும் இன்னும் 'ஐயா'. மீதிப் பாதியைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. என் தமிழன் மிளகு விற்றதும், குளம் வெட்டியதும், அந்நிய ஊரில் தன் மொழியில் நாலு வரி பொறித்ததும் எனக்கே போதவில்லை. அடுத்தவன் கோயிலும் வேண்டியிருந்தது.

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைகிற நேரம் ஒரு பையன் வந்தான். பதினொன்றாம் வகுப்பு இருக்கும். கையில் நோட்டு. "ஐயா, அங்க தமிழ்க் கல்வெட்டு இருக்கா? நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டான். மேடையில் சொன்ன பொய் எல்லாம் ஆயிரம் பேருக்கு நடுவே காற்றில் போகிறது என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இவன் ஒற்றை ஆள், எதிரே நின்று, சரியான கேள்வியைக் கேட்டான். வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்கும் மாணவனுக்காக வாத்தியார் வருஷக்கணக்கில் காத்திருப்பார். "நிறைய இருந்ததுப்பா, அழிஞ்சு போச்சு" என்றேன். அவன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான். எழுதி முடிக்கும்வரை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மனைவி பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து முழுப் பேச்சையும் கேட்டிருந்தாள். வீட்டுக்கு நடக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அந்த மாமா தட்டை நகத்துன கதையச் சொல்லிருக்கலாம்லா. சனம் சிரிச்சிருக்கும்."

அந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கு மூன்றாவது தெரு, விசைத்தறிச் சத்தம் கேட்கும் வீடு. போய்க் கூப்பிட்டு, நோட்டை எடு, அதை அடித்துவிடு என்று சொல்லப் பத்து நிமிடம் போதும். போகவில்லை. இந்த ஆடிக்கும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதே தலைப்பு. சரி என்று சொல்லிவிட்டேன். இதை மேடையில் சொல்லாமல் பத்திரிகையில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. என் பேச்சைக் கேட்க வருகிறவர்களில் யாரும் இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை. அது தெரிந்துதான் இங்கே எழுதுகிறேன்.